கார்போகரிசி: சீன மருத்துவத்தின் ‘பூ கு ஜி’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்புத் தேய்மானத்துக்குச் சீன மாத்திரை வாங்குகிறவர், வெண்புள்ளிக்கு எண்ணெய் தேடுகிறவர், முகச் சுருக்கத்துக்கு சீரம் பூசுகிறவர் என்று மூன்று பேர் கையிலும் இருப்பது ஒரே விதையின் சரக்கு. மூவரும் ‘மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது’ என்று நினைக்கிறார்கள். கார்போகரிசி அப்படி நினைத்து எடுக்கக்கூடிய மருந்து அல்ல. அதன் பெருமையையும் ஆபத்தையும் சேர்த்துச் சொல்வதற்காகத்தான் இந்தக் கேள்வி-பதில்.

பூ கு ஜி என்பதும் கார்போகரிசி என்பதும் ஒன்றுதானா?

ஒன்றேதான். சீனர்கள் பூ கு ஜி என்கிறார்கள். வடமொழியில் பாகுசி. நம் நாட்டு மருந்துக்கடைகளில் கார்போகரிசி அல்லது கார்போக அரிசி. தாவரவியல் பெயர் சொராலியா கோரிலிஃபோலியா. இப்போதைய வகைப்பாட்டில் குல்லன் கோரிலிஃபோலியம் என்று மாற்றியிருக்கிறார்கள்; பழைய பெயர்தான் இன்னும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடி. இடுப்பளவோ மார்பளவோ வளரும். இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் இறைந்து கிடப்பது தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள்.

விதை என்று நாம் சொல்வது உண்மையில் முழுக்காய். பயறு வகைகள் பலவற்றின் காய் முற்றியதும் வெடிக்கும்; இதன் காய் வெடிப்பதில்லை. ஒரே ஒரு விதை, அதன்மேல் காயின் தோல் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் நீளம், சிறுநீரக வடிவம், கறுப்பு நிறம், மேலே வலைப்பின்னல் போன்ற நுண்ணிய சுருக்கங்கள். உடைத்தால் உள்ளே மஞ்சள் படிந்த, எண்ணெய்ப்பசை கொண்ட பருப்பு. வாசனை நன்றாக இருக்கும். நாக்கில் வைத்தால் கசப்பும் காரமும் சேர்ந்து ஏறும்.

கருஞ்சீரகமும் இதுவும் ஒன்றா?

இல்லை. கருஞ்சீரகம் கோணல்மாணலான, முனைகள் உள்ள சிறு விதை. அது வேறு குடும்பம், வேறு மருந்து. ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் போடக் கூடாது.

சீனர்கள் எப்போதிலிருந்து இதைப் பயன்படுத்துகிறார்கள்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக. இந்த விதைக்குப் பின்னால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கடல் கதை இருக்கிறது.

தாங் அரச மரபின் காலத்தில் ஜெங் யின் என்ற உயர் அதிகாரி தெற்கே லிங்னான் பகுதிக்கு ஆளுநராக அனுப்பப்பட்டார். இன்றைய குவாங்ஜோ துறைமுகம் இருக்கும் பகுதி அது. அப்போது தமக்கு எழுபத்தைந்து வயது என்று அவர் எழுதிவைத்ததாகப் பதிவு இருக்கிறது. வடக்கத்திக்காரரான அவருக்குத் தெற்கின் தாழ்நிலமும் ஈரமும் ஒத்துக்கொள்ளவில்லை. உடல் தளர்ந்தது, நோய்கள் சூழ்ந்தன, தேற்று மருந்துகள் எதுவும் எடுபடவில்லை. 812ஆம் ஆண்டு ஹலிங் என்ற நாட்டிலிருந்து லி மொஹ என்ற கப்பல் தலைவர் வந்தார். ஹலிங் என்பது ஜாவாத் தீவில் இருந்த ஓர் அரசு. ஆளுநரின் நிலையைப் பார்த்த அந்தக் கப்பல்காரர் ஒரு மருந்துமுறையையும் மருந்துச் சரக்கையும் சேர்த்தே கொடுத்தார்.

முறை இதுதான்: பூ கு ஜி பத்துப் பங்கு எடுத்து, தோல் நீக்கிக் கழுவி, வெயிலில் உலர்த்தி, நன்றாகப் பொடித்துச் சலிக்க வேண்டும். அக்ரூட் பருப்பு இருபது பங்கு எடுத்து, வெந்நீரில் ஊறவைத்துத் தோலுரித்து, விழுதாக அரைக்க வேண்டும். இரண்டையும் நல்ல தேனில் பாகுபோலக் குழைத்துப் பீங்கான் ஜாடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் வெதுவெதுப்பான மதுவில் ஒரு கரண்டி கலந்து குடிக்க வேண்டும். மது குடிக்காதவர் வெந்நீரில் கலக்கலாம். பத்தியமும் உண்டு: கடுகு இனக் கீரையும் ஆட்டு இரத்தமும் ஆகாது. ஆளுநர் முதலில் தயங்கினார், பிறகு சாப்பிட்டார். ஏழெட்டு நாளில் குணம் தெரிந்தது என்கிறது பதிவு. பதவி முடிந்து தலைநகர் திரும்பியபோது முறையை எழுதிப் பிறருக்கும் கொடுத்தார்.

11ஆம் நூற்றாண்டில் மூலிகைகளைப் படங்களுடன் தொகுத்த சு சொங் இன்னொரு செய்தியையும் சேர்க்கிறார். இந்தச் செடி தெற்குச் சீன மலைச்சரிவுகளிலேயே நிறைய முளைக்கிறது, ஆனாலும் அயல்நாட்டுக் கப்பல்களில் வருவதுபோல அது சிறப்பாக இல்லை என்கிறார். 1596இல் அச்சேறிய லி ஷிஜெனின் பெரும் மூலிகைத் தொகுப்பு, அயலார் இதைப் ‘பொ கு ஜி’ என்று அழைத்ததாகச் சொல்கிறது. பாகுசியின் சாயல் அதில் தெளிவாகவே கேட்கிறது. இந்த விதை சீன மருத்துவத்துக்குள் கடல்வழி வணிகத்தோடுதான் நடந்து வந்திருக்கிறது.

சீன மருத்துவர்கள் இதை எதற்குக் கொடுக்கிறார்கள்?

‘சிறுநீரக யாங்’ குறைந்தவர்களுக்கு. சீன மருத்துவத்தில் சிறுநீரகம் என்பது நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பு மட்டும் அல்ல. எலும்பு, இடுப்பு, முழங்கால், பிள்ளைப்பேறு, முதுமை, சிறுநீரை அடக்கும் ஆற்றல் ஆகிய எல்லாமே அதன் ஆட்சிக்குள் வருகின்றன. யாங் என்பது அதன் வெப்பம். அந்த வெப்பம் தணிந்தால் இடுப்பும் முழங்காலும் குளிர்ந்து வலிக்கும், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும், ஆண்மை தளரும், மூச்சு வாங்கும். காரமும் கசப்பும் வெப்ப வீரியமும் கொண்ட பூ கு ஜி அந்த வெப்பத்தை மீட்கும் என்பது அவர்கள் கணக்கு.

தனியாகக் கொடுப்பது குறைவு. இரண்டு பழைய கூட்டு மருந்துகள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. ஒன்று சிங் அ வான்: யூகோமியா மரப்பட்டை, பூ கு ஜி, அக்ரூட், பூண்டு. சொங் அரச மரபின் அரசு மருந்தகத் தொகுப்பிலேயே இடம்பெற்ற இடுப்புவலி மருந்து இது. இன்னொன்று ஸ ஷென் வான்: பூ கு ஜியோடு ஜாதிக்காய், ஊ ஜூ யூ, ஊ வெய் ஸ என்ற இரண்டு சீன மருந்துக் கனிகள், கூடவே இஞ்சியும் இலந்தையும். விடியற்காலையில் வயிறு உருட்டி, எழுந்ததும் ஓடவைக்கும் நாள்பட்ட வயிற்றுப்போக்குக்கு இதைக் கொடுப்பார்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வரும் வயிற்றுப்போக்கு என்று இத்தனை நுட்பமாகப் பிரித்துப் பார்த்து மருந்து செய்தவர்களின் கூர்மையை நான் மனமார மதிக்கிறேன்.

அதே மருத்துவர்கள் யாருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். உடலில் ஏற்கெனவே சூடு மிகுந்தவர்களுக்கும் மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் ஆகாது. இன்றைய மாத்திரை விளம்பரங்களில் முதலில் காணாமல் போவது இந்த வரிதான்.

உப்பில் வறுத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறார்களே, ஏன்?

நம் சித்த மருத்துவத்தில் சரக்குகளைச் சுத்தி செய்வதுபோல அவர்களிடமும் பக்குவமுறை உண்டு. மிகப் பழைய முறை நீளமானது: ஓர் இரவு மதுவில் ஊறவைத்து, மூன்று நாள் ஓடும் நீரில் போட்டுவைத்து, பிறகு ஆவியில் வேகவைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். விதையின் கடும் வறட்சியும் நஞ்சும் போவதற்காக இந்த ஏற்பாடு.

இப்போதைய சீன அரசு மருந்துநூல் உப்புநீர் முறையைச் சொல்கிறது. நூறு கிலோ விதைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ உப்பு. உப்புநீரைத் தெளித்துக் கலந்து, விதை அதை முழுதாக உறிஞ்சும்வரை மூடிவைத்து, மிதமான தீயில் வறுக்கிறார்கள். விதை லேசாக உப்பி, படபடவென்று மெல்லிய வெடிப்புச் சத்தம் வந்து, மணம் எழும்போது இறக்கிவிடுவார்கள். உப்பு மருந்தைச் சிறுநீரகத்துக்கு இழுத்துச் செல்லும் என்பது மரபின் விளக்கம். வெப்பத்தில் விதையின் வேதிப்பொருள்கள் ஓரளவு மாறவும் செய்கின்றன. ஆனால் பக்குவம் செய்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயில் பட்டால் தோலைச் சுடவைக்கும் சொராலன்கள் என்ற பொருள்கள் பக்குவம் செய்த விதையிலும் இருக்கின்றன. பக்குவம் செய்ததிலும் சொராலனும் ஐசோசொராலனும் சேர்ந்து குறைந்தது 0.70 சதவீதம் இருக்க வேண்டும் என்றுதான் அந்த மருந்துநூலே கேட்கிறது.

வெண்புள்ளிக்கு இது உண்மையில் வேலை செய்கிறதா?

செய்கிறது; ஆனால் பாதி வேலை விதையுடையது, மறுபாதி வெளிச்சத்துடையது.

விதையில் உள்ள சொராலன் என்ற பொருளை 1933இல் இந்திய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அந்தச் செடியின் பெயரால்தான் அந்த வேதிக்குடும்பமே இன்றும் அழைக்கப்படுகிறது. சொராலன் மூலக்கூறு தட்டையானது. தோல் செல்லின் டி.என்.ஏ. ஏணிப்படிகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொள்ளும். இருட்டில் அது பெரிதாக எதுவும் செய்வதில்லை. 320 முதல் 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் படும்போது டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் குறுக்கே பிணைத்துவிடும். இதனால் வேகமாகப் பெருகும் செல்கள் தடுக்கப்படுகின்றன. வெண்புள்ளி உள்ள இடத்தில் முடிக்கால்களில் மிஞ்சியிருக்கும் நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு வெளியே பரவுகின்றன. சிகிச்சை பலிக்கும்போது வெள்ளைத் தோலின் நடுவே முடிக்காலைச் சுற்றிச் சிறு சிறு பழுப்புப் புள்ளிகளாக நிறம் திரும்புவது இதனால்தான்.

நவீன மருத்துவம் இதைத் தனதாக்கிக்கொண்டது. 1940களில் எகிப்தின் எல் மோஃப்டி, நைல் கரையில் வளரும் வேறொரு செடியின் சொராலனைக் கொண்டு வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்தார். 1974இல் அமெரிக்காவில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக் குழுவினர் சொராலன் மாத்திரையோடு புற ஊதா விளக்கைச் சேர்த்துச் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார்கள். ‘பூவா’ சிகிச்சை என்று மருத்துவமனைகளில் சொல்வது அதுதான். பூவா சிகிச்சையில் மருந்தின் மில்லிகிராமும் கதிரின் அளவும் கணக்கிடப்படுகின்றன, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடப்படுகிறது, ஒவ்வொரு முறையும் தோலின் சிவப்பு பார்க்கப்படுகிறது. அப்படியிருந்தும் நீண்ட காலம் எடுத்தவர்களிடம் தோல் புற்றுநோய் அதிகரித்தது. சொராலன் வகை மருந்தான மெத்தாக்ஸலனும் புற ஊதாக் கதிரும் சேர்ந்த சிகிச்சையை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வெண்புள்ளிக்கு இப்போது பல மருத்துவர்கள் சொராலன் தேவைப்படாத, 311 நானோமீட்டர் குறுகிய அலைப்பட்டைப் புற ஊதாக் கதிர் சிகிச்சையைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்படியானால் வீட்டிலேயே விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கலாமா?

வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

அரைத்த விழுதில் எவ்வளவு சொராலன் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நம் ஊர் வெயிலில் எவ்வளவு புற ஊதாக் கதிர் இருக்கிறது என்பதும் தெரியாது. இந்தத் தீக்காயம் உடனே எரிவதும் இல்லை. அதில்தான் பெரும் அபாயம். பூசியவருக்கு அன்று மாலை ஒன்றும் தெரியாது. மறுநாள் சிவக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கமும் நீர்க்கொப்புளமும் உச்சத்துக்குப் போகும். ‘நேற்று ஒன்றும் ஆகவில்லையே’ என்று அதற்குள் இரண்டாம் முறையும் பூசியிருப்பார். ஆறிய பிறகு சுற்றியுள்ள நல்ல தோல் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். காயம்பட்ட இடத்தில் புதிய வெண்புள்ளி தோன்றும் இயல்பு இந்த நோய்க்கே உண்டு என்பதால், சிகிச்சை என்று தொடங்கியது நோயைப் பரப்பிவிடவும் கூடும்.

குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்து பார்க்கும் பெற்றோரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. பெண் குழந்தையின் முகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றினால் உறவினர்கள் வாய் சும்மா இருக்காது. அந்தத் தவிப்போடு நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். வெண்புள்ளி தொற்றுநோய் அல்ல, தொழுநோயும் அல்ல. தொடக்கத்திலேயே சிகிச்சை தொடங்கினால் நிறம் திரும்பும் வாய்ப்பும் கூடுதல்.

கல்லீரலைப் பாதிக்கும் என்கிறார்களே, அது மிகையா?

மிகை அல்ல. 2005இல் கொரியாவில் எலும்பு நலனுக்காக இந்த விதைப் பொடியை வழக்கமான அளவைவிடப் பல மடங்கு சாப்பிட்ட ஒரு பெண்ணுக்குப் பித்தநீர் தேங்கிய கல்லீரல் அழற்சி ஏற்பட்டது மருத்துவ இதழில் பதிவானது. 2009இல் ஹாங்காங் மருத்துவர்களும், பாகுசி கலந்த ஆயுர்வேத மருந்துகளை வெண்புள்ளிக்காக எடுத்த ஒருவரைப் பற்றி ஜெர்மானிய மருத்துவர்களும் எழுதினார்கள். 2016 டிசம்பரில் சீனாவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமே எலும்புத் தேய்மானத்துக்கு அங்கே பரவலாக விற்கும் ஷியன்லிங் குபாவ் என்ற மருந்தைப் பற்றிக் கல்லீரல் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த மருந்தில் பூ கு ஜி உட்பட ஆறு மூலிகைகள் சேர்கின்றன. பாதிப்பு பூ கு ஜியால் மட்டுமே வந்தது என்று அந்த எச்சரிக்கையிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் தனி விதையைச் சாப்பிட்டவர்களுக்கும் அதே பாதிப்பு வந்திருக்கிறதே.

ஆயிரம் ஆண்டுகளாகச் சாப்பிட்டவர்களுக்கு வராதது இப்போது ஏன் வருகிறது என்று கேட்பார்கள். முன்பும் வந்திருக்கலாம், சில வாரம் கழித்து வரும் மஞ்சள் காமாலையை மருந்தோடு இணைத்துப் பார்க்க அன்று இரத்தப் பரிசோதனை இல்லை. இன்னொன்று, எடுக்கும் முறையே மாறிவிட்டது. சீன மருந்துநூலின் அளவு நாளொன்றுக்கு 6 முதல் 10 கிராம். பெரும்பாலும் மற்ற மூலிகைகளோடு கஷாயமாக. விதையின் எண்ணெய்ப்பசையுள்ள பொருள்கள் தண்ணீரில் முழுதாக இறங்குவதில்லை. பொடியாகவோ ஆல்கஹாலில் எடுத்த சாறாகவோ விழுங்கினால் அவையும் சேர்ந்தே உள்ளே போகின்றன. மருத்துவர் நாடியும் நாக்கும் பார்த்துச் சில வாரங்களுக்குக் கொடுத்த மருந்தை, யாரும் பார்க்காமல் மாதக்கணக்கில் காப்ஸ்யூலாகப் போடுகிறோம்.

பசியின்மை, குமட்டல், அசாத்தியச் சோர்வு, தேநீர் நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள், உடம்பு அரிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கு நல்லதா?

எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் நல்ல அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன. மனிதர்களிடம் எலும்பு முறிவைத் தடுக்கும் என்று சொல்லும் அளவுக்கு அது போதாது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு நிரூபிக்கப்பட்ட மருந்துகள் இருக்கும்போது இதை நம்பிக் காலம் கடத்துவது நியாயமில்லை.

பகுச்சியோல் சீரம் இதிலிருந்துதான் வருகிறதா? பூசலாமா?

இதிலிருந்துதான். விதையில் உள்ள பகுச்சியோல் என்ற பொருளை 1966இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சுக் தேவ் குழுவினர் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அழகுசாதன உலகம் அதை ‘தாவர ரெட்டினால்’ என்று கொண்டாடுகிறது. ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ; அமைப்பில் பகுச்சியோலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தோலில் செய்யும் சில வேலைகள் ஒத்திருக்கின்றன. 44 பேரை வைத்துப் பன்னிரண்டு வாரம் நடந்து, 2019இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், 0.5 சதவீதப் பகுச்சியோலும் அதே அளவு ரெட்டினாலும் சுருக்கத்தையும் கரும்படையையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்தன. ரெட்டினால் பூசியவர்களுக்குத் தோல் உரிதலும் எரிச்சலும் அதிகம். சிறிய ஆய்வு, ஆனால் ஒழுங்காக நடந்த ஆய்வு.

நல்ல தயாரிப்புகளில் சொராலன்களை நீக்கிய தூய பகுச்சியோல்தான் சேர்க்கப்படுகிறது. அது பரவாயில்லை. ‘பாகுசி எண்ணெய்’, ‘கார்போகரிசித் தைலம்’ என்று விற்பது வேறு. அதில் சொராலன் இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து எண்ணெயை முகத்தில் பூசிக்கொண்டு வெளியே போகாதீர்கள்.

எங்கள் வீட்டு நலங்குமாவில் கார்போகரிசி உண்டு. அதை நிறுத்த வேண்டுமா?

சித்த மருத்துவம் சொல்லும் நலங்குமாவில் பச்சைப்பயறு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு ஆகியவற்றோடு இதுவும் உண்டு. தேய்த்தவுடன் கழுவிவிடுகிறோம், அளவும் குறைவு. அந்த முன்னோர் ஏற்பாட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஊறவைக்காதீர்கள், முகத்தில் பூசிக்கொண்டு மொட்டைமாடியில் காயவைக்காதீர்கள், குளித்ததும் உச்சிவெயிலுக்குப் போக வேண்டியிருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வீட்டில் அரைக்கிறவர்கள் ‘தோலுக்கு நல்லது’ என்று கார்போகரிசியை மட்டும் இரண்டு மடங்காக்குவதை நிறுத்தவே வேண்டும். கைக்குழந்தைக்கு அரைக்கும் மாவில் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

யார் உள்ளுக்கு எடுக்கவே கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், கல்லீரல் நோய் வந்தவர்கள், தினமும் மது அருந்துகிறவர்கள், தோல் புற்றுநோய் வந்தவர்கள், லூபஸ் போன்று வெயில் பட்டால் கிளறும் நோய் உள்ளவர்கள். ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் பொருள்கள் விதையில் இருப்பதால் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களும் விலகியிருக்க வேண்டும்.

டாக்சிசைக்ளின் போன்ற, தானே வெயில் ஒவ்வாமை தரும் மருந்துகளோடு இது சேரக் கூடாது. சொராலன்கள் கல்லீரலின் ஒரு நொதியை முடக்கிவிடுவதால் காபியில் உள்ள காஃபின் உடம்பைவிட்டு வெளியேற நெடுநேரம் ஆகும். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலினும் அதே நொதியை நம்பியிருக்கும் மருந்து. அங்கே இந்தத் தாமதம் விளையாட்டல்ல.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் முழு விதையாக வாங்குங்கள், பொடியாக வேண்டாம். பொடியில் என்ன கலந்தாலும் தெரியாது. விதைகள் ஒரே அளவாக, கறுப்பாக, நிறைந்து இருக்க வேண்டும். ஊமத்தை இனங்கள் சிலவற்றின் விதையும் இதேபோலச் சிறுநீரக வடிவில் இருக்கும். அது கொடிய நஞ்சு. ஒன்றிரண்டை நசுக்கி முகர்ந்து பாருங்கள். கார்போகரிசி என்றால் எண்ணெய்ப்பசையும் மணமும் வரும். மணமே இல்லாத, நிறம் மாறிய விதைகள் கலந்திருந்தால் முழுப் பொட்டலத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாக்கில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

சீனக் காப்ஸ்யூலைச் சில மாதங்களாகச் சாப்பிடுகிறேன். இப்போது என்ன செய்வது?

முதலில் நிறுத்துங்கள், இந்த மருந்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். பக்கத்திலுள்ள ஆய்வகத்தில் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்துகொண்டு, முடிவையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பெட்டியில் சீன எழுத்து மட்டும் இருந்தால் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூ கு ஜியோடு வேறென்ன சேர்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ‘மூலிகை எதுவும் சாப்பிடுகிறீர்களா’ என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்தால், காமாலைக்கான காரணத்தை அவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். நிறுத்திய சில நாட்களுக்கு உச்சிவெயிலைத் தவிருங்கள். முடிவு சரியாகவே வந்தாலும் அதே காப்ஸ்யூலை மறுபடி தொடங்காதீர்கள்; இடுப்புவலிக்கோ மூட்டுவலிக்கோ தொடங்கியிருந்தால், அந்த வலிக்கு என்ன காரணம் என்று இப்போதாவது பார்த்துவிடுங்கள்.